வேலையை விட்டாயிற்று, ஓய்வை யாரிடம், எப்படிக் கேட்பது?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. வர்ஜீனியாவில், அமெரிக்க மத்திய அரசுத் துறை ஒன்றின் கணினி அமைப்புகளைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் சில ஆண்டுகளாக வேலை. நள்ளிரவு அழைப்புகள், ஆள் பற்றாக்குறை, வார இறுதியும் வேலை நாளாகவே கழியும் நிலை. விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். இரண்டு வார நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதிய நிறுவனமும் அரசு ஒப்பந்த நிறுவனம்தான். அடுத்த திங்கட்கிழமையே சேரச் சொன்னார்கள், இவரும் சரி என்று கையெழுத்திட்டுவிட்டார். இப்போது உடம்பு ஒத்துழைக்கவில்லை. மீதமிருக்கும் விடுப்பை இந்த இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடலாமா, புதிய இடத்தில் ஒரு மாதம் அவகாசம் கேட்டால் தவறாக நினைப்பார்களா என்று கேட்கிறார்.

கேளுங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் புதிய நிறுவனத்திடம் கேளுங்கள், அதையும் இந்த வாரத்திலேயே கேளுங்கள். ‘களைத்துப் போயிருக்கிறேன்’ என்று தொடங்காமல் ‘இந்தத் தேதியில் சேர்கிறேன்’ என்று தொடங்குங்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் வேலை பார்த்தும் இருக்கிறேன், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டதற்காக நல்ல ஆள் ஒருவரை நாங்கள் குறைவாக எண்ணியதே இல்லை. எரிச்சல் வந்ததெல்லாம் கடைசி நேரத்தில், அரைகுறைக் காரணத்தோடு கேட்டவர்கள்மீதுதான்.

முதலில் பழைய நிறுவனம். அங்கே விடுப்பு கேட்பது ஏன் பலிக்காது என்பதற்கு அரசு ஒப்பந்தத்தின் கணக்கே காரணம். நீங்கள் தினமும் நிரப்பும் டைம்ஷீட்டில் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கணக்குக் குறியீட்டின்கீழ் விழுகிறது. ஒப்பந்தக் குறியீட்டில் விழுந்த மணிக்கு அரசு பணம் தரும். விடுப்புக் குறியீட்டில் விழுந்த மணிக்கு அப்படி நேரடியாக யாரும் பணம் தருவதில்லை. அது நிறுவனத்தின் பொதுச் செலவில் சேரும். போகப்போகிற ஆளுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தால் அந்த நாட்களின் வருமானம் போகும், பொறுப்பை ஒப்படைக்கவும் நேரம் இருக்காது. அதனால்தான் பல நிறுவனங்களின் பணியாளர் கையேட்டில் நோட்டீஸ் காலத்தில் விடுப்பு கிடையாது என்று எழுதியே வைத்திருப்பார்கள். உங்கள் பெயர் ஒப்பந்தத்தில் முக்கியப் பணியாளர் பட்டியலில் இருந்தால் இன்னும் இறுக்கம்: நீங்கள் போவதை அரசின் ஒப்பந்த அலுவலருக்கு அறிவிக்க வேண்டும், மாற்று ஆளுக்கு அவருடைய ஒப்புதலையும் பெற வேண்டும். உங்கள் மேலாளர் முகம் கடுத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘மீதமிருக்கும் விடுப்புக்குப் பணம் தருவீர்களா?’ அமெரிக்காவில் இதற்கு நாடு முழுவதற்குமான பொதுச் சட்டம் இல்லை. கலிஃபோர்னியா, கொலராடோ, மாசசூசெட்ஸ் மாநிலங்களில் சேர்த்துவைத்த விடுமுறை நாட்கள் சம்பளத்துக்குச் சமம். விலகும்போது கொடுத்தாக வேண்டும். வர்ஜீனியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை; நிறுவனத்தின் கொள்கைதான் முடிவு செய்யும். மேரிலாந்தில், விலகினால் விடுப்புக்குப் பணம் இல்லை என்ற விதியை வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவித்திருந்தால்தான் நிறுவனம் கைவிரிக்க முடியும். கையேட்டை இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் திறக்காது. அந்த ஒப்பந்தம், அரசுக்குச் சேவை செய்யும் ஒப்பந்த ஊழியர்களின் ஊதியத்தையும் சலுகைகளையும் வரையறுக்கும் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் வருவதாகவும் உங்கள் பணி அதில் அடங்குவதாகவும் இருந்தால், ஆண்டு நிறைவில் உரிமையான விடுமுறையில் எடுக்காமல் விட்டதற்கு விலகும்போது பணம் தர வேண்டும். பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

பணம் கிடைக்காது என்று தெரிந்தால் இன்னொரு வழி உண்டு. கடைசி நாளை ஒன்றிரண்டு வாரம் தள்ளி, அந்த நாட்களை விடுப்பாகக் கழிக்கச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும், பல ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொண்டால் மருத்துவக் காப்பீடும் கூடவே நீளும். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அமெரிக்காவில் பெரும்பாலான வேலைகளை எந்தத் தரப்பும் எப்போது வேண்டுமானாலும் முறித்துக்கொள்ளலாம். இரண்டு வார நோட்டீஸ் என்பதே வழக்கம்தான், சட்டம் அல்ல. அதிகம் தள்ளுமுள்ளு செய்தால் ‘இன்றே போய்வாருங்கள்’ என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விடுப்பு எழுதிவிட்டு ‘கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்’ என்பதற்காக வேலை செய்வதோ, வேலை செய்யாத மணிகளை ஒப்பந்தக் குறியீட்டில் எழுதுவதோ வேண்டவே வேண்டாம். அரசு ஒப்பந்தத்தில் டைம்ஷீட் என்பது அரசுக்குக் கொடுக்கும் பில்லின் ஆதாரம். அதில் பொய் இருந்தால் பொய்க் கோரிக்கைச் சட்டம் வரை விவகாரம் போகும். மேலாளரே வாய்மொழியாகச் சொன்னாலும் கையெழுத்து உங்களுடையது.

இனி புதிய நிறுவனம். நீங்கள் ஏற்கெனவே ஒரு தேதிக்குச் சம்மதித்துவிட்டீர்கள் என்பது சிறு சிக்கல்தான், பெரிய தடை அல்ல. சரியான நேரம் வேலை உறுதியாகிக் கடிதம் வந்த அன்று. அப்போது ஒரு மாதம் என்றால்கூடப் பெரும்பாலும் பேச்சில்லாமல் கொடுப்பார்கள். அந்த நேரம் போய்விட்டதால் அடுத்த நல்ல நேரம் நாளைக் காலை. ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் அங்கே யாரோ உங்களுக்காகக் கணினி வாங்குகிறார், நுழைவு அட்டைக்கு விண்ணப்பிக்கிறார், அரசுப் பக்கத்து அதிகாரியிடம் ‘திங்கட்கிழமை ஆள் வருகிறார்’ என்று சொல்லிவைக்கிறார். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவதுதான் மேலாளருக்குக் கூச்சம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு குறைவாக அவர் கூச்சப்பட வேண்டியிருக்கும்.

முதலில் தொலைபேசியில் பேசுங்கள், பிறகு மின்னஞ்சலில் உறுதிசெய்யுங்கள். ஆட்சேர்ப்பாளரிடம் பேசினால் அவர் தன் சொற்களில் மாற்றிச் சொல்வார். உங்கள் நேரடி மேலாளராகப் போகிறவரை அழையுங்கள். மின்னஞ்சலை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். சாரம் இப்படி இருக்கட்டும்: ‘இந்தப் பணியில் சேர ஆவலாக இருக்கிறேன். சேரும் தேதியை 2ஆம் தேதியிலிருந்து 30ஆம் தேதிக்கு மாற்ற விரும்புகிறேன். நீண்ட காலம் நெருக்கடியான பணியில் இருந்துவிட்டேன். உங்களிடம் முழுத் தெம்போடு தொடங்க இந்த இடைவெளி எனக்குத் தேவை. கைரேகை, பின்னணிச் சரிபார்ப்புப் படிவங்கள், சேருமுன் தர வேண்டிய மற்ற ஆவணங்கள் அனைத்தையும் இந்த வாரமே முடித்துத் தருகிறேன். 30ஆம் தேதி ஒத்துவராது என்றால், உங்களால் முடிந்த மிகத் தாமதமான தேதி எது என்று சொல்லுங்கள்.’

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘முடியுமா?’ என்று கேட்டால் ‘முடியாது’ என்பது எளிய பதில். ‘எது வரை முடியும்?’ என்று கேட்டால் அவர் ஒரு தேதியைத் தேடத் தொடங்குவார். ஒரு மாதம் கேட்டு இரண்டு வாரம் கிடைத்தாலும், கேட்காமல் இருந்ததைவிட இரண்டு வாரம் லாபம். படிவங்களை முடித்துத் தருவதாகச் சொல்வதும் உபசார வார்த்தை அல்ல. பல துறைகளில் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து அரசின் பச்சைக்கொடி வராமல் யாரும் பணியைத் தொடங்கவே முடியாது. அதற்கே வாரக்கணக்கில் ஆகும். உங்கள் ஓய்வும் அவர்களுடைய காத்திருப்பும் ஒரே நாட்களில் கழிந்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை.

காரணம் சொல்லும்போது பொய் வேண்டாம். ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று இல்லாத நோயை வரவழைக்கிற பழக்கம் நம்மிடையே உண்டு. ஓய்வு தேவை என்று சொல்வதை நாம் சோம்பலை ஒப்புக்கொள்வதாக எடுத்துக்கொள்கிறோம். நோய் என்றால் மறுப்பார் இல்லை என்று நினைக்கிறோம். அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளத் தரப்படும் பாதுகாப்பு அனுமதி, அதாவது நாம் பேச்சில் கிளியரன்ஸ் என்கிறோமே, அது தேவைப்படும் துறையில் உங்கள் நேர்மையே உங்கள் தகுதி. சேருமுன்பே ஒரு பொய்யை வளர்க்கத் தொடங்காதீர்கள். பழைய இடத்தின் கொடுமைகளையும் விவரிக்க வேண்டாம். ஒப்பந்த உலகம் சிறியது. இன்று போட்டி நிறுவனம், நாளை அதே திட்டத்தில் துணை ஒப்பந்ததாரராக வந்து நிற்கும்.

மறுத்துவிட்டால்? அவர்கள் மறுப்பதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். காலி நாற்காலிக்கு அரசு பணம் தராது. மத்திய அரசின் நிதியாண்டு செப்டம்பர் 30 அன்று முடிந்து அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அந்த மாதங்களில் புதிய ஒப்பந்த ஆண்டுக்கு ஆட்களைக் காட்ட வேண்டிய நெருக்கடி இருக்கும். அப்போது இரண்டாவது வழி: சொன்ன தேதியில் சேருங்கள், ஆனால் இரண்டாவது மாதத்தில் ஒரு முழு வார விடுப்பை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுப்பு சேர்ந்திருக்காது என்றால் முன்கடனாகவோ சம்பளமில்லாமலோ கேளுங்கள். சேர்ந்தபின் கேட்பதைவிட சேருமுன் கேட்பது பத்து மடங்கு எளிது. இரண்டுக்கும் இணங்காமல், கேட்டதையே குற்றமாகப் பேசினால் அந்த இடம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. பழைய வேலையை விட்டு நீங்கள் ஏன் வந்தீர்கள் என்பதை அந்த நேரத்தில் மறக்காதீர்கள்.

ஒரு மாதம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட வேலையிலிருந்து வருபவர்களுக்கு முதல் வாரம் ஓய்வாகவே அமைவதில்லை. அதிகாலை மூன்று மணிக்குத் தானாக விழிப்பு வரும். கை படுக்கையருகே போனைத் தேடும். அழைப்பு ஏதும் வரவில்லை என்று தெரிந்த பிறகும் நெஞ்சு படபடக்கும். பகலில் தூங்கி வழிவீர்கள். இரண்டாவது வாரம்தான் பசி, தூக்கம், பேச்சு எல்லாம் சீராகத் தொடங்கும். அதனால்தான் ஒரு வார இடைவெளியோடு சேர்ந்தவர்கள் ‘ஓய்வெடுத்தும் ஒன்றும் தெரியவில்லை’ என்கிறார்கள். இரண்டு வாரம் கடந்தும் தூக்கம் திரும்பவில்லை, அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசனை பெற்றதால் கிளியரன்ஸ் போய்விடும் என்ற பயம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆலோசனை பெற்றது மட்டுமே அனுமதியை மறுக்கும் காரணமாகாது என்று விதிகளே சொல்கின்றன.

கிளியரன்ஸ் பற்றிய இன்னொரு பயம்: இடைவெளி விட்டால் அது காலாவதியாகிவிடுமோ என்பது. ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகாது. அனுமதி உங்கள் சொத்து அல்ல, நிறுவனத்தின் வழியாக நிற்பது. விலகும்போது அதை முடித்துவைப்பார்கள். ஆனால் 24 மாதங்களுக்குள் மீண்டும் தேவையான பணிக்கு வந்தால், வேறு சிக்கல் இல்லாத வரையில், பொதுவாகப் புதிதாக விசாரணை இல்லாமல் உயிர்ப்பிக்கலாம். கடைசி நாளில் அட்டையையும் மடிக்கணினியையும் ஒப்படைப்பீர்கள். ரகசியக் காப்புப் பொறுப்பு வேலையோடு முடிவதில்லை என்று நினைவூட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அது வாழ்நாள் பொறுப்பு. ஒப்படைத்த பொருட்களுக்கு ரசீது வாங்குங்கள்.

அதன்பின் பழைய குழுவிலிருந்து அழைப்பு வந்தால், ஆவணம் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிய உதவியைச் செய்ய உங்களுக்கு அனுமதியும் இல்லை, சம்பளமும் இல்லை.

இந்த இடைவெளியில் இந்தியா போய் வருவதாக இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும்போதே பயணம் என்றால், அனுமதி வைத்திருப்பவர் வெளிநாட்டுப் பயணத்தை முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். விலகியபின் என்றால், புதிய நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். போன தேதி, வந்த தேதி, தங்கிய இடம், தொடர்ந்து நெருக்கமாகப் பழகும் வெளிநாட்டவர் விவரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கிளியரன்ஸுக்காக நிரப்பும் எஸ்.எஃப்-86 படிவம் கடந்த ஏழு ஆண்டு வெளிநாட்டுப் பயணங்களைக் கேட்கும். அப்போது பழைய பாஸ்போர்ட்டில் முத்திரை தேடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

மருத்துவக் காப்பீடுதான் பலரை ஓய்வெடுக்க விடாமல் பயமுறுத்துகிறது. பல திட்டங்களில் நீங்கள் விலகும் மாதத்தின் கடைசி நாள் வரை காப்பீடு இருக்கும். சிலவற்றில் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். மனிதவளத் துறையிடம் இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். மாத இறுதிவரை என்றால், 30ஆம் தேதிக்குப் பதில் அடுத்த மாதம் 1ஆம் தேதியைக் கடைசி நாளாக வைத்தால் ஒரு மாதக் காப்பீடு கூடுதலாகக் கிடைக்கும். இல்லையென்றாலும் பதற வேண்டாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொதுவாக கோப்ரா சட்டம் பொருந்தும்: பழைய காப்பீட்டை முழு பிரீமியத்தோடு 2 சதவீதம் சேர்த்து நீங்களே கட்டித் தொடரலாம். தொடர்வதா என்று முடிவெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் காப்பீடு முடிந்த நாளிலிருந்தே செல்லும். அதாவது, ஒரு மாத இடைவெளியில் ஒன்றும் நேராவிட்டால் ஒரு டாலரும் கட்ட வேண்டாம். விபத்து நேர்ந்தால் அப்போது தேர்ந்தெடுக்கலாம். தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும் குழந்தைகள் உள்ளவர்களும் மட்டும் முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள். மருத்துவச் செலவுக்கான எஃப்.எஸ்.ஏ. கணக்கில் பணம் இருந்தால் கடைசி நாளுக்குள் கண்ணாடி, பல் சிகிச்சை என்று செலவழித்துவிடுங்கள்.

401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் நிறுவனம் போட்ட பங்கு எந்தத் தேதியில் முழுவதும் உங்களுடையதாகிறது என்றும் பாருங்கள். சில நாட்களில் அந்தத் தேதி வருவதாக இருந்தால் விலகும் நாளைத் தள்ளக் கேட்பது நல்லது.

கர்ப்பமாக இருப்பவர்களும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியச் சட்டம் தரும் 12 வார மருத்துவ, குடும்ப விடுப்புக்குத் தகுதி பெற ஒரு நிறுவனத்தில் 12 மாதமும் முந்தைய ஓராண்டில் 1,250 மணி நேரமும் வேலை செய்திருக்க வேண்டும். புதிய இடத்தில் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இன்னும் விலகல் கடிதம் கொடுக்காதவர்கள் இதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

கேட்டவர் குடியுரிமை பெற்றவர். அவருக்கு விசாக் கவலை இல்லை. ஆனால் மாநில அரசுகளின் மருத்துவ உதவித் திட்டங்களிலும் வாகனப் பதிவு அமைப்புகளிலும் எச்-1பி விசாவில் ஒப்பந்தப் பணி செய்யும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு இந்த இடைவெளியின் உச்சவரம்பு 60 நாள்; நாட்டில் எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் உங்கள் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதி வரைதான். அதற்குள் புதிய நிறுவனத்தின் மனு குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எனவே மனு தாக்கலான பிறகு ஓய்வெடுங்கள். ஓய்வெடுத்துவிட்டுத் தாக்கல் செய்யலாம் என்று இருக்காதீர்கள். மனு முடிவாகும் முன் நாட்டை விட்டுப் புறப்படுவது, 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டண அறிவிப்பு வந்த பிறகு, மிகவும் யோசிக்க வேண்டிய விஷயம். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

பணம் பற்றி ஒரு சொல். தாமாக விலகியவருக்குப் பொதுவாக வேலையின்மை உதவித்தொகை கிடைக்காது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் மத்திய அரசு முடங்கியபோது அரசு ஊழியர்களுக்குப் பின்னர் சம்பளம் வந்தது, ஒப்பந்த ஊழியர்களுக்கு அந்த உறுதி இல்லை; பலர் விடுப்பைக் கரைத்துச் சமாளித்தார்கள். நீங்களும் அப்படிக் கரைத்திருந்தால் கையில் விடுப்புப் பணம் அதிகம் இருக்காது. இரண்டு மாதச் செலவுக்கு இருப்பு இருந்தால் ஒரு மாதம் கேளுங்கள். ஒரு மாதச் செலவுக்குத்தான் இருக்கிறது என்றால் இரண்டு வாரம் கேளுங்கள். வாடகை பற்றிய கவலையோடு எடுக்கும் நீண்ட ஓய்வைவிட அது மேல்.

நாளைக் காலை பத்து மணிக்குள் புதிய மேலாளரை அழையுங்கள். கையில் ஒரு தேதியும், அது முடியாவிட்டால் ஏற்கக்கூடிய இன்னொரு தேதியும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்ததும், திருத்திய சேரும் தேதியோடு புதிய கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். அது கைக்கு வந்த பிறகு பயணத்துக்குப் பதிவு செய்யலாம்.